எடுப்பதா, வாங்குவதா?

அன்புள்ள ஐயா,
முல்லைத்தீவில் ஆசிரியையாக இருக்கிறேன். என் சிறுகதை ஒன்றில் 'சம்பளம் எடுத்துக்கொண்டு வந்தாள்' என்று எழுதியிருந்தேன். சென்னையில் மெய்ப்புப் பார்த்தவர் அதை 'வாங்கிக்கொண்டு' என்று மாற்றிவிட்டார். 'எடுத்து' என்றால் களவுபோலத் தொனிக்கிறதாம். எது சரி? சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்துதான் சம்பளம் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,
பழையபடி 'எடுத்து' என்றே போடச் சொல்லுங்கள். சென்னைக்காரரும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறார், பரீட்சையில் மதிப்பெண் எடுக்கிறார். சம்பளத்தில் மட்டும் என்ன கூச்சம்? வன்னியில் பென்சனும் எடுப்பதுதான். (களவையும் எடுக்கிறோம் என்பது வேறு கதை.)

ஆனால் எங்கள் வீட்டில் கூலியை யாரும் எடுத்ததில்லை. அம்மா அருவி வெட்டுக்கு, அதாவது நெல் அறுவடைக்கு, கூலிக்குப் போன காலத்தில், பொழுதுபடும் நேரம் கூலி நெல்லைக் கொத்தால் அளந்து கடகத்தில் கொட்டுவார்கள். கமக்காரர் ஒவ்வொரு கொத்தையும் உள்ளங்கையால் வழித்து மட்டப்படுத்துவதை அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்து நிற்பார். வீட்டுக்கு வந்து 'கூலி வாங்கினேன்' என்பார். 25ஆம் திகதி வங்கிக்குப் போய்வரும் ஆசிரியர் மாமாதான் 'சம்பளம் எடுத்தேன்' என்பார்.

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களிடம் இன்னொரு சொல் இருந்தது: பேர். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை பதிவானால் ஒரு பேர்; கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மழையால் மத்தியானத்தோடு வேலை நின்ற ஒரு நாள், பக்கத்து வீட்டு அக்கா மண்வெட்டியைக் கழுவியபடி 'இன்றைக்கு அரைப்பேர்தான்' என்றார். பெயரில் பாதி எப்படிப் போகும் என்று சிறுவனாகிய நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சம்பா, அளம் கதையை நான் நம்பவில்லை. வடமொழியில் 'சம்பலம்' என்றால் வழிப்பயணத்துக்கான கட்டுச்சோறு. சம்பளம் அதிலிருந்து வந்ததாகக் கொள்வதே பொருத்தம். இலத்தீனில் சம்பளத்துக்கான சொல் உப்போடு உறவுடையது. அதைப் பார்த்துத்தான் நம்மவர்களும் உப்பைச் சேர்த்தார்களோ என்று எனக்கொரு சந்தேகம். கூலி என்னவோ பழைய சொல். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்கிறது 619ஆம் குறள். ஊதியமும் குறளில் உண்டு, ஆனால் அங்கே அது இலாபம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கதையில் வருகிறவள் எங்கே வேலை செய்கிறாள்? வயலில் என்றால், மெய்ப்புப் பார்த்தவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.