மூவரைக் கொண்டுபோனது புற்றுநோய்

கேள்வி: பங்க் என்ற முரட்டு ராக் இசைக்காரர்கள் எல்லாரும் போதையால்தானே அற்பாயுசில் போனார்கள்? ரமோன்ஸ் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவர்கூட மிஞ்சவில்லையே!

பதில்: அந்த நால்வரில் மூவரைக் கொண்டுபோனது புற்றுநோய். ஜோயிக்கு நிணநீர்ப் புற்றுநோய் (2001, வயது 49), ஜானிக்கு புராஸ்டேட் சுரப்பியில் (2004, வயது 55), டாமிக்குப் பித்தநாளத்தில் (2014, வயது 65). ஹெராயினுக்குப் பலியானவர் டீ டீ மட்டுமே. க்ளாஷ் குழுவின் ஜோ ஸ்ட்ரம்மர் 50 வயதில் இறந்தது, கடைசிவரை யாருமே கண்டுபிடிக்காத பிறவி இதயக் கோளாறால். மினிட்மென் குழுவின் டி. பூன் 27 வயதில் வேன் விபத்தில் போனார். இவர்களை எல்லாம் போதைக் கணக்கில் எழுதுவது அநியாயம்.

போதையால் இறந்தவர்களைப் பற்றியும் 'அளவு மீறிவிட்டார்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த அளவு? செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷியஸ் நியூயார்க் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் சுமார் 55 நாள் இருந்தார். அங்கே ஹெராயின் பழக்கம் விட்டுப்போயிருந்தது. 1979 பிப்ரவரி 1 அன்று ஜாமீனில் வந்தார். அன்றிரவே மறுபடி ஹெராயின் போட்டார். மறுநாள் காலை பிணமாகக் கிடந்தார். வயது 21.

ஹெராயின் மூளைத்தண்டில் மூச்சை இயக்கும் பகுதியை அடக்குகிறது. தினமும் போடுகிறவருக்கு உடம்பு அதைத் தாங்கப் பழகியிருக்கும். சில வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்குசக்தி போய்விடும், ஆசை மட்டும் போகாது. முன்பு சாதாரணமாகப் போட்ட அளவே இப்போது மூச்சை நிறுத்திவிடும். சிறையிலிருந்தோ மறுவாழ்வு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்தான காலம். 'திருந்திவிட்டான்' என்று வீட்டார் நிம்மதி அடைவதும் அப்போதுதான்!

உதடு நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, குறட்டைபோலக் கரகரப்பு கேட்டால் 'தூங்கட்டும்' என்று விடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஹெராயினை முறிக்கும் மருந்தான நாலோக்சோன் சில நிமிடத்தில் ஆளை எழுப்பிவிடும். ஆனால் அதன் வீரியம் நிற்பது 30 முதல் 90 நிமிடம்தான். பிறகு மிச்சமிருக்கும் ஹெராயின் மறுபடி மூச்சை அடக்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டாரே என்று ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள்.