பதில்: ஆர்பி67, வெல்வியா 50, எஃப்32-ல் 8 விநாடி: அருவி வெளுப்பு, பாறை பச்சை

மாமியா ஆர்பி67 கேமராவில் வெல்வியா 50 ஸ்லைடு ஃபிலிம் போட்டு, எஃப்32 என்ற மிகச் சிறிய லென்ஸ் துளையில் 8 விநாடி எடுத்த படத்தில் அருவி வெளுத்து, பாறை பச்சையாக வந்திருப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பச்சைச் சாயலுக்கு ஃபிலிமைக் கழுவிய லேப் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. வெல்வியா 50 ஒரு விநாடி வரைதான் மீட்டர் சொன்னபடி நடக்கும்; அதற்கு மேல் உணர்திறன் குறைந்து நிறம் பச்சைக்குச் சாயும். 8 விநாடிக்கு ஃபியூஜி தரும் திருத்தம் அரை ஸ்டாப் கூடுதலும் (ஒரு ஸ்டாப் என்றால் இருமடங்கு வெளிச்சம்), பச்சையை ஈடுகட்டும் 7.5 அளவு மெஜந்தா ஃபில்டரும். 64 விநாடியை அவர்களே பரிந்துரைப்பதில்லை.

ஃபில்டர் தேடி அலைவதைவிட எஃப்32-ஐக் கைவிடுங்கள். அதே வெளிச்சத்தில் எஃப்11-க்கு 1 விநாடி போதும். திருத்தமே வேண்டாம், நீரின் இழைகளும் தெரியும். 8 விநாடியில் நுரை பஞ்சு மாதிரிதான் ஆகும். முன்னால் பாறை இருந்து, அதுவும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்16, 2 விநாடி. 90 மிமீ லென்ஸை எட்டரை மீட்டரில் ஃபோகஸ் செய்தால் நாலரை மீட்டரிலிருந்து தொலைவு வரை தெளிவு கிடைக்கும்.

வெளுப்பு வேறு சங்கதி. கருமையான பாறையை மீட்டரால் அளந்திருப்பீர்கள், அதனால் நீருக்கு வெளிச்சம் கூடிவிட்டது. ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் வெண்ணுரையை அளந்து ஒன்றரை ஸ்டாப் மட்டும் கூட்டுங்கள். நேர்வெயில் விழும்போது ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. மேகம் மூடும்வரை காத்திருங்கள். போலரைசர் ஃபில்டர் இருக்கட்டும், ஈரப்பாறையின் பளபளப்பை அதுதான் அடக்கும். மீட்டர் லென்ஸ் வழியாக அளக்காவிட்டால் அதற்கு ஒன்றரை முதல் 2 ஸ்டாப் சேர்க்க மறக்காதீர்கள்.

1 விநாடியில், கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலெழும்போது வரும் அதிர்வு படத்தில் தெரியும். லென்ஸில் உள்ள குமிழை எம்-க்கு (கண்ணாடியைத் தனியாகத் தூக்கும் நிலை) திருப்பி, கேமரா உடலில் உள்ள பொத்தானால் கண்ணாடியைத் தூக்கி, சில விநாடி விட்டு, லென்ஸில் மாட்டிய கேபிளால் ஷட்டரை விடுங்கள். பிறகு குமிழை என்-க்கு (வழக்கமான நிலை) திருப்பாமல் விட்டால் அடுத்த ஃபிரேம் வெறுமையாகத்தான் வரும்.