வயிற்றால் இறங்குவதா, சக்கரத்தால் இறங்குவதா?

கேள்வி: ‘வார் தண்டர்’ போர் விமான விளையாட்டில் அடிபட்டுத் திரும்பும்போது, என் நண்பர்கள் சக்கரங்களை இறக்காமல் ஓடுபாதையில் வயிற்றால் தேய்த்தே விமானத்தை நிறுத்திவிடுகிறார்கள். நானோ வயல்வெளியில்கூடச் சக்கரத்தை இறக்கி, விமானத்தைக் குப்புறக் கவிழ்க்கிறேன். எது சரியான முறை? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: இடம் மாறினால் முறையும் மாற வேண்டும். நண்பர்கள் ஓடுபாதையில் செய்வதை நீங்கள் வயலிலும், வயலில் நீங்கள் செய்வதை அவர்கள் ஓடுபாதையிலும் செய்திருந்தால் இரு தரப்புக்கும் நல்லதாக இருந்திருக்கும்.

வயலில் சக்கரம் ஏன் எமனாகிறது என்பதற்கு 1942 ஜூன் 4 அன்று நடந்த சம்பவமே சாட்சி. அலாஸ்காவின் டச்சு ஹார்பரைத் தாக்கச் சென்ற ஜப்பானிய ஸீரோ விமானம் ஒன்று, தரையிலிருந்து சுடப்பட்டு எண்ணெய்க் குழாய் அறுந்ததால், அவசரத்துக்கு இறங்க அகுடான் தீவை நாடியது. கீழே தெரிந்த புல்வெளியை உறுதியான தரை என நம்பிய பைலட் தடாயோஷி கோகா சக்கரங்களை இறக்கினார். அது சதுப்பு நிலம். சக்கரங்கள் சேற்றில் புதைந்து நிற்க, விமானம் முன்புறமாகப் புரண்டு தலைகீழாக விழுந்தது. கோகா அங்கேயே உயிரிழந்தார். விமானம் பெரிதாகச் சிதையாததால், அமெரிக்கர்கள் அதை மீட்டுப் பழுது பார்த்து, அதே ஆண்டு பறக்கவிட்டு அதன் பலவீனங்களை அறிந்துகொண்டார்கள். வயிற்றால் சறுக்கியிருந்தால் கோகா பிழைத்திருக்கக்கூடும். விளையாட்டில் உங்கள் விமானம் கவிழ்வதும் இதே காரணத்தால்தான்.

ஓடுபாதையின் கதை வேறு. அங்கே வயிற்றால் இறங்கினால் உராய்வில் விமானம் சீக்கிரம் நிற்கும் என்பது உண்மைதான். எதிரி வாலைப் பிடித்துத் துரத்தி வரும்போது அந்தச் சில விநாடிகள் உயிர் காக்கும். ஆனால் ப்ரொபெல்லர் வளைந்து, எஞ்சினும் அடிவாங்கி, பழுது பார்க்கும் நேரம் கூடுகிறது. துரத்த ஆளில்லாதபோது இது வெறும் சோம்பேறித்தனம் என்பதே என் கருத்து. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் உடைந்திருந்தால், மிஞ்சிய சக்கரத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றால் இறங்குங்கள். ஒற்றைக் காலில் இறங்குவதைவிட அது பாதுகாப்பானது.

வயிற்றால் இறங்குவதென்று முடிவெடுத்தால், குண்டுகளை முதலில் உதறிவிடுங்கள். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் தகடு) முழுமையாக இறக்கி, விமானம் மிதக்க முடியாமல் விழும் வேகத்துக்குச் சற்றே மேலாக, இறக்கைகளைச் சமமாகவும் மூக்கை இலேசாக உயர்த்தியும் வைத்து, தரையைத் தொடும் முன் எஞ்சினை அணையுங்கள். பலரும் விமானம் கீழ்நோக்கி இறங்கும் வேகத்தைக் கவனிக்காமல் முன்னோக்கிய வேகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, தொப்பென்று விழுந்து உடைக்கிறார்கள்.

கேள்வி: எல்லா விமானமும் வயிற்றால் இறங்குவதைத் தாங்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: எல்லாம் ஒரே மாதிரி தாங்காது. சோவியத்தின் ஐ.எல்.-2, அமெரிக்காவின் ஏ-10 ஆகியவற்றில் மடக்கிய பிறகும் சக்கரங்களின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் உடம்பு குறைவாகவே தேயும். 2017இல் மிச்சிகனில் ஓர் ஏ-10 அப்படி இறங்கியபோது பைலட் காயமின்றி வெளியே வந்தார். ஜெர்மனியின் ஸ்டூகாவில் சக்கரங்களை மடக்கவே முடியாது. எனவே கரடுமுரடான நிலத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். அமெரிக்காவின் பி-51 போர் விமானத்தின் வயிற்றில் தொங்கும், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் வாய், தண்ணீரில் இறங்கும்போது நீரை அள்ளி மூக்கைக் கீழே அழுத்தும் என்பதால், கடல்மேல் அடிபட்டால் பாராசூட்டை நம்புவதே மேல்.