ஃபீல்டில் ஒரு பகல்

கனடாவின் யோஹோ தேசியப் பூங்காவுக்குள் ஃபீல்டு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது, லேக் லூயிஸ் வரை போகிறவர்கள் இன்னும் 27 கிலோமீட்டர் போய் அதையும் பாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

*

ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். ஜூலையில் ஒரே நாளில் பான்ஃப், லேக் லூயிஸ், மொரெய்ன் ஏரி, ஃபீல்டு, எமரால்டு ஏரி, டகாக்கா அருவி எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார் என் கணவர். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் போதுமா?
வாசகி, கல்கரி

நள்ளிரவில் கிளம்பினாலும் போதாது, சகோதரி. உங்கள் கணவர் போட்டிருப்பது பார்க்கிங் இடங்களின் பட்டியல். பெரியவர்கள் நாள் முழுக்கக் காரிலிருந்து இறங்கி ஏறிக்கொண்டே இருப்பார்கள், அந்த முழங்கால் என்ன ஆவது?

முதலில் மொரெய்னைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 2023 முதல் அந்தச் சாலையில் சொந்தக் காருக்கு அனுமதியே இல்லை. பேருந்தில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். லேக் லூயிஸ் ஏரியையும் பான்ஃப் கடைத்தெருவையும் அந்த நாளோடு சேர்த்துக்கொள்ளலாம். மிச்சம் ஃபீல்டு, அருவி, எமரால்டு ஏரி. ஒரு நாளுக்கு இந்த மூன்றே தாராளம்.

அடுத்தது, விடிகாலை எதற்கு? ஜூலையில் அந்தப் பக்கம் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஊரே காலையில் ஓடுவதால்தான் பத்து, பதினோரு மணிக்கு எமரால்டு ஏரியில் கார் நிறுத்த இடம் கிடைப்பதில்லை. நெடுஞ்சாலையை நோக்கி ஓரமாக வரிசை கட்டி நிற்பார்கள். காலையில் வந்தவர்கள் கிளம்பும் நேரத்தில் நீங்கள் போய்ச் சேருங்கள்.

அருவிக்கும் சாயங்காலம்தான் பொருத்தம். அதற்குக் காரணமும் உண்டு. டகாக்கா மழைநீர் அருவி இல்லை. மேலே டேலி என்ற பனியாறு உருகி விழுகிற தண்ணீர் அது. இரவில் குளிர்ந்து கிடந்த பனி பகல் வெயிலில் உருகி வழிந்து வர நேரமாகும், அதனால் கோடையில் பிற்பகலில்தான் தண்ணீர் கூடுதலாக இருக்கும். தவிர, அருவி பள்ளத்தாக்கின் கிழக்குச் சுவரில் இருக்கிறது. காலையில் சூரியன் அதற்குப் பின்னால் நிற்கும், அருவி நிழலில் கிடக்கும். மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் விழும். மொத்த உயரம் 373 மீட்டர் என்று புத்தகத்தில் படிப்பது வேறு, அந்த வெயிலில் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பது வேறு.

ஆக என் யோசனை இது. காலையில் நிதானமாகச் சாப்பிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புங்கள். கல்கரியிலிருந்து ஃபீல்டு ஏறத்தாழ 210 கிலோமீட்டர். லேக் லூயிஸ் ஊருக்குள் ஒரு நிறுத்தம்: பெட்ரோல், கழிப்பறை. ஏரிப் பக்கம் திரும்பவே வேண்டாம், திரும்பினால் அன்றைய நாள் அங்கேயே போய்விடும். அங்கிருந்து இறங்கும் வழியில் சுழல் சுரங்கம் பார்க்கும் இடத்தில் பத்து நிமிடம் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). ஒரு மணி வாக்கில் ஃபீல்டு. ஆற்றோரம் உட்கார்ந்து சாப்பிட்டு, தெருக்களில் ஒரு நடை. முழு ஊரையும் அரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம், அதுதான் அதன் அழகு. மூன்று மணிக்கு அருவி. பார்க்கிங்கிலிருந்து அருவிப் பக்கம் போகும் பாதை ஏறக்குறைய சமதளம், உங்கள் மாமியார் மெதுவாக நடந்துவிடுவார்கள். அடிவாரம் வரை நெருங்க வேண்டியதில்லை. தூறல் தெறிக்கும் இடத்தில் பாறை வழுக்கும்.

திரும்பும்போது இயற்கைப் பாலம் (ஆறு அரித்துக் குடைந்த பாறை), அது எமரால்டு ஏரிக்குப் போகும் சாலையிலேயே இருக்கிறது. ஆறு மணிக்கு ஏரி. சுற்றுப்பாதை 5.2 கிலோமீட்டர். பிள்ளைகளையும் கணவரையும் சுற்றி வரச் சொல்லிவிட்டு நீங்கள் மூவரும் கரையில் உட்காருங்கள். மருமகளுக்கும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார உரிமை உண்டு.

எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பான்ஃப் பூங்காவுக்குள் நெடுஞ்சாலையின் இருபுறமும் விலங்குகளுக்காக வேலி போட்டு, அவை கடக்க மேலே மரம் வைத்த பாலங்களும் கட்டியிருக்கிறார்கள். யோஹோ எல்லைக்குள் அந்த வேலியை நம்பி ஓட்ட முடியாது. அந்திநேரத்தில் மானும் கடமானும் சாலைக்கு வரும்.

*

பான்ஃபில் எடுத்த நுழைவுச்சீட்டு யோஹோவில் செல்லுமா? ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டுமா?
வாசகர், ரெட் டியர்

செல்லும். ஒரே காரில் ஏழு பேர் வரை வருகிறவர்களுக்குக் குடும்பச் சீட்டு ஒன்று போதும், 17 வயது வரை இலவசம். ஒருநாள் சீட்டு மறுநாள் மாலை நான்கு மணி வரை செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. வருடத்தில் ஒரு வாரம் பூங்காக்களில் சுற்றுகிற குடும்பம் என்றால் ஆண்டுச் சீட்டு எடுங்கள். அது அடுத்த ஆண்டு, வாங்கிய அதே மாதத்தின் கடைசி நாளில் முடியும், ஆகவே மாதக் கடைசியில் வாங்காமல் முதல் தேதியில் வாங்கினால் சில வாரங்கள் லாபம். கட்டணம் அவ்வப்போது மாறுகிறது, சில கோடைகளில் இலவசமாகவே விடுகிறார்கள். கிளம்பும் வாரத்தில் பார்க்ஸ் கனடா தளத்தைப் பாருங்கள்.

*

மலையிடுக்கில் இப்படி ஓர் ஊர் எதற்காக உண்டானது? அங்கே ரயிலில் போக முடியுமா? நான் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.
வாசகர், எட்மண்டன்

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்த ஊரை உண்டாக்கியது உங்கள் துறைதான்.

கனடியன் பசிபிக் ரயில்வே 1880-களில் கிக்கிங் ஹார்ஸ் கணவாய் வழியாகப் பாதை போட்டது. (1858-இல் ஜேம்ஸ் ஹெக்டர் என்ற ஆய்வாளரைக் குதிரை உதைத்துக் கீழே தள்ளியது, செத்தார் என்று கூட வந்தவர்கள் குழி வெட்டத் தொடங்கினார்களாம். கணவாய்க்குப் பெயர் வந்த கதை அது.) கணவாயிலிருந்து மேற்கே இறங்கும் சரிவு கொடுமையானது. பாதைச் சரிவு 2.2 சதவீதத்துக்குள் (நூறு மீட்டருக்கு 2.2 மீட்டர் இறக்கம்) இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அவசரத்தில் தற்காலிகம் என்று சொல்லி 4.5 சதவீதத்தில் போட்டுவிட்டார்கள். அந்தத் தற்காலிகம் 25 வருடம் நீடித்தது. 1884-இல் முதன்முதலில் இறங்கிய கட்டுமான ரயிலே பிடி தவறி ஓடி மூன்று பேர் இறந்தார்கள். பிறகு வழியில் பாதுகாப்புத் தடங்கள் அமைத்தார்கள்: கட்டுப்பாடு இழந்து வரும் வண்டியை மலைமேல் ஏறும் கிளைப்பாதைக்குத் திருப்பி நிற்க வைப்பதற்கு.

இறங்குவது இப்படி என்றால் ஏறுவது இன்னொரு பாடு. ஒரு வண்டியை மேலே இழுக்க நான்கு எஞ்சின் வரை தேவைப்பட்டது. அந்த எஞ்சின்கள் நிற்க ஓர் இடம், அவற்றை ஓட்டுகிறவர்கள் தங்க ஓர் இடம். ஃபீல்டு பிறந்தது அப்படித்தான். சாப்பாடு பரிமாறும் ரயில் பெட்டியையும் சேர்த்து மேலே இழுக்கக் கட்டுப்படியாகவில்லை என்பதால் பயணிகளை இறக்கிச் சாப்பாடு போட 1886-இல் அங்கே மவுண்ட் ஸ்டீபன் ஹவுஸ் என்று ஒரு விடுதியும் கட்டினார்கள். அது இன்று இல்லை.

1909-இல் சுழல் சுரங்கங்கள் திறந்தார்கள். சரிவைக் குறைக்க வேண்டுமானால் பாதையை நீட்ட வேண்டும், பள்ளத்தாக்கில் நீட்ட இடமில்லை. எனவே எதிரெதிர் மலைகள் இரண்டுக்குள் வளையமாகக் குடைந்தார்கள். ஒவ்வொரு சுரங்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சரிவு 2.2-க்கு வந்தது. நீளமான சரக்கு ரயில் வந்தால், தலை ஒரு மட்டத்தில் சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது வால் வேறொரு மட்டத்தில் இன்னும் உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். நெடுஞ்சாலையோரம் அதைப் பார்க்க இடம் விட்டிருக்கிறார்கள். சரக்கு வண்டிக்கு அட்டவணை கிடையாது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளாஸ்கில் காபியோடு போங்கள். பிள்ளைகள் பொறுமை இழப்பார்கள், நீங்கள் இழக்கமாட்டீர்கள். இப்போது கார் ஓடும் சாலையின் ஒரு பகுதி அந்தப் பழைய கொடுமைச் சரிவின் மேல்தான் போகிறது. பிரேக்கில் கால் வைக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் போய் இறங்க முடியாது. வழக்கமான பயணிகள் ரயில் 1990-இல் அந்தத் தடத்தை விட்டு எட்மண்டன், ஜாஸ்பர் வழிக்கு மாறிவிட்டது. இன்று ராக்கி மவுண்டனீர் என்ற சுற்றுலா ரயில் கடந்து போகிறது, பகலைக் கழிக்க ஃபீல்டில் இறங்குவது அதில் நடக்காது. காரில்தான் வர வேண்டும், அல்லது பான்ஃபிலிருந்து எமரால்டு ஏரிக்கு வரும் சுற்றுலாப் பேருந்தில்.

*

ஃபீல்டுக்கு மேலே மலையில் உலகப் புகழ் பெற்ற புதைபடிவங்கள் இருக்கின்றனவாம். ஏறிப் பார்க்கலாமா? சின்னதாக ஒன்று எடுத்து வரலாமா?
பதினோராம் வகுப்பு மாணவி, சர்ரே

இரண்டாவது கேள்விக்கு முதலில்: கூடாது. தேசியப் பூங்காவில் ஒரு கல்லையோ பூவையோ எடுப்பதே குற்றம். இதை எடுப்பது பெரிய குற்றம்.

முதல் கேள்விக்கு: தனியாக ஏற அனுமதியில்லை, வழிகாட்டியோடு முன்பதிவு செய்து போகலாம். 1909-இல் சார்லஸ் வால்காட் கண்டுபிடித்த பர்ஜஸ் ஷேல் என்ற புதைபடிவப் படுகைக்குப் போய்வர 22 கிலோமீட்டர், ஒரு முழு நாள் போய்விடும். மவுண்ட் ஸ்டீபன் மலையில் இருக்கும் இன்னொரு படுகைக்குத் தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. பெற்றோரோடு ஒருநாள் பயணமாக வரும்போது இதைச் செருகாதே, அடுத்த கோடைக்கு இதற்கென்றே வா. இந்தத் தடவை ஃபீல்டில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் பார்வையாளர் மையத்தில் புதைபடிவங்களை வைத்திருக்கிறார்கள், அதைப் பார். வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். எலும்போ ஓடோ இல்லாத மென்னுடல் உயிர்கள்கூடச் சேற்றில் அமுங்கிப் பதிந்திருப்பதுதான் விசேஷம். ஓபபினியா என்று ஒன்று: ஐந்து கண், முன்னால் தும்பிக்கை. ஹலூசிஜீனியாவைப் பற்றித் தேடிப் படி. முதுகு முட்களைக் கால் என்று எண்ணி விஞ்ஞானிகள் அதைத் தலைகீழாக வரைந்துவைத்திருந்தார்கள்.

*

கரடி வருமா?
வாசகி, பெயர் வேண்டாம்

வரலாம். அது அதன் வீடு. கரடி, ஓநாய் என்றால் 100 மீட்டர், மான் வகைகள் என்றால் 30 மீட்டர் தள்ளி நில்லுங்கள். சாலையில் கண்டால் காரை விட்டு இறங்காதீர்கள், நடுரோட்டில் நிறுத்தவும் வேண்டாம். நான் அதிகம் கவலைப்படுவது நம் சாப்பாட்டு மேஜையைப் பற்றி. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பரப்பி வைத்துவிட்டு எல்லாரும் குழுவாகப் படம் எடுக்கப் போய்விடுகிறோம். மேஜையில் ஒருவராவது இருக்க வேண்டும். மிச்சத்தைக் கரடி திறக்க முடியாத இரும்புக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் அதைத்தான் சுடுவார்கள்.

*

எங்களுக்கு மே மாத நீண்ட வார இறுதியில்தான் விடுப்பு. போகலாமா? அக்டோபரில்?
வாசகர், சாஸ்கட்டூன்

மே மாதத்தில் எமரால்டு ஏரி மரகத நிறத்தில் இருக்காது. பெரும்பாலும் பனிக்கட்டியாகத்தான் இருக்கும். பனியாறு அரைத்த பாறைமாவு தண்ணீரில் கலந்தால்தான் அந்த நிறம், அதற்கு உருகும் காலம் வர வேண்டும். அருவிக்குப் போகும் 13 கிலோமீட்டர் சாலை ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும், அக்டோபர் நடுவில் மூடிவிடுவார்கள். மே மாதம் போனால் ரயிலும் ஊரும்தான் மிச்சம். எனக்கு அதுவே போதும், உங்கள் வீட்டில் எப்படியோ.

செப்டம்பர் நடுவில் போனால் கூட்டம் குறைவு. அக்டோபர் என்றால் டயரைப் பாருங்கள். ஃபீல்டு பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. அங்கே மலைப்பாதைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஆல்பர்ட்டாவில் அந்தச் சட்டம் இல்லாததால் கல்கரியில் வாடகைக்கு எடுக்கும் காரில் அது இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். எடுக்கும்போதே கேளுங்கள்.

*

அருவிக்குப் போகும் சாலை பயங்கரம் என்கிறார்களே. எங்களிடம் காருக்குப் பின்னால் மாட்டும் இழுவை வண்டி (ட்ரெய்லர்) இருக்கிறது.
வாசகர், கெலோனா

இழுவை வண்டிக்கு அங்கே அனுமதியில்லை, சாலை தொடங்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும். சாதாரணக் காருக்குப் பயமே இல்லை. ஓரிடத்தில் அடுத்தடுத்து இரண்டு வளைவுகள் மிகவும் இறுக்கம். பேருந்துகள் முழுதாகத் திரும்ப முடியாமல் நடுத் துண்டைப் பின்பக்கமாகவே ஓட்டிக் கடக்கும். முன்னால் ஒன்று நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நில்லுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி சிக்னலை எதிர்பார்க்காதீர்கள். வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், யார் எங்கே சந்திப்பது என்பதை வாயால் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

*

ட்ரோன் வாங்கியிருக்கிறேன். ஏரிக்கு மேல் பறக்கவிடலாமா?
வாசகர், கல்கரி

கூடாது. அபராதம் 25,000 டாலர் வரை போகும். வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள், காரில் ஒரு ஆளுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்.