காப்புரிமை கைக்கு வருமுன்பே கண்டுபிடிப்பை விற்கலாமா?

விண்ணப்பம் போட்டாயிற்று, காப்புரிமை (பேட்டன்ட்) இன்னும் வரவில்லை, அதற்குள் ஒருவர் வாங்கக் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். நானும் அப்படித்தான் கொடுத்தேன். விண்ணப்பமும் ஒரு சொத்துதான். மொத்தமாக எழுதிக் கொடுக்கலாம், உரிமம் மட்டும் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாக வாங்கலாம்.

என்னுடையது மடக்கு ஏணிக்கான ஒரு பூட்டு. வாங்க வந்தவர் அதைப் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடினார். வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. பூட்டை மேஜையில் வைத்துவிட்டு, "சரி, இது கிராண்ட் ஆகாமப் போனா?" என்றார், அதாவது காப்புரிமை கிடைக்காமல் போனால்? எவ்வளவு கேட்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை.

பிறகுதான் என் வழக்கறிஞர் எனக்கு ஜேன் ஆரன்சன் என்பவரின் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் 1955இல் ஒரு சாவிக்கொத்துக்கு விண்ணப்பித்த பெண்மணி. மறு ஆண்டே குவிக் பாயின்ட் பென்சில் என்ற நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தார். விற்பனை விலையில் 5 சதவீதம். ஐந்து வருடத்துக்குள் காப்புரிமை கிடைக்காவிட்டால் இரண்டரை சதவீதம். கிடைக்கவில்லை. நிறுவனம் பல வருடம் இரண்டரை சதவீதத்தைக் கொடுத்துவிட்டு, 'காப்புரிமையே இல்லாத பொருளுக்கு ஏன் பணம்?' என்று வழக்குப் போட்டது. 1979இல் உச்ச நீதிமன்றம் அந்த அம்மா பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்ததால்தான் அவர் பிழைத்தார். நாங்களும் அதே மாதிரி இரண்டு விகிதம் எழுதினோம்.

இன்னொரு இடத்தில் நான் சறுக்கப் பார்த்தேன். விண்ணப்பத்தில் பூட்டுக்குள் இருந்தது சுருள் ஸ்பிரிங். விற்பனைக்குச் செய்த மாதிரியில் அதை எடுத்துவிட்டு வளைந்த தகடு வைத்திருந்தேன், நன்றாக வேலை செய்தது என்ற சந்தோஷத்தில். தகடு பற்றி விண்ணப்பத்தில் ஒரு சொல் கிடையாது. போட்ட விண்ணப்பத்தில் புதிதாக எதையும் நுழைக்க முடியாது. தகட்டுக்குத் தனி விண்ணப்பம், அதற்கு அன்றைய தேதிதான், பழைய தேதி கிடைக்காது. சந்தைக்கு அனுப்பிய பிறகு இது தெரிந்திருந்தால் பல நாடுகளில் அத்தோடு முடிந்தது. ஐரோப்பாவில் விண்ணப்பத்துக்கு முன் வெளியே தெரிந்தாலே புதுமை போச்சு, காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் ஒரு வருட அவகாசம் உண்டு, ஆனால் ரகசியமாக விற்றாலும் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்று 2019இல் தீர்ப்பே இருக்கிறது. ஆகவே விற்கப்போகும் பொருளையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை வாசியுங்கள்.

வெளிநாட்டு உரிமையும் சேர்த்து விற்கும் எண்ணம் இருந்தால் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதம்தான் கணக்கு. அதற்குள் அங்கெல்லாம் விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்தின் தேதியே கிடைக்கும். வாங்குபவரை அதற்குள் பிடித்துவிட்டால் அந்தச் செலவை அவர் தலையில் கட்டலாம். நான் பத்தாம் மாதத்தில்தான் பிடித்தேன், ஓட்டமும் நடையுமாகப் போயிற்று.

யாராவது காப்பியடித்தால்? காப்புரிமை கிடைக்கும்வரை வழக்குப் போட முடியாது. 'பேட்டன்ட் பெண்டிங்' (விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது) என்று பொருளில் அச்சிடலாம், விண்ணப்பம் உயிரோடு இருக்கும்வரை மட்டும். விண்ணப்பத்தில் உள்ளபடியே செய்த பொருளை எத்தனை முறை வேண்டுமானாலும் காட்டுங்கள், ஆனால் விண்ணப்பம் வெளியாகும்வரை, வழக்கமாக 18 மாதம், அதன் வாசகத்தை ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எனக்கு மூன்றாம் வருடம் காப்புரிமை கிடைத்தது, ஆனால் பரிசோதகர் முதல் உரிமைகோரலை, அதாவது எதெல்லாம் எனக்குச் சொந்தம் என்று நான் கேட்டிருந்த வாசகத்தை, பாதியாக வெட்டியிருந்தார். ஒப்பந்தத்தில் 'கிடைத்தால்' இருந்தது, 'கிடைக்காவிட்டால்' இருந்தது. 'பாதி கிடைத்தால்' என்று ஒரு வரி இல்லை. மறுபடி உட்கார்ந்து பேரம் பேசினோம்.