தென்னை மட்டை அரைக்கும் சிறிய மெஷின் சொந்தமாக வாங்கலாமா?

கேள்வி: ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மட்டை, கழித்த கிளைகளை அரைக்க ஒரு சிறிய மெஷின் சொந்தமாக வாங்கினால் கட்டுப்படியாகுமா? பராமரிப்பு கஷ்டமா?

ஐந்து ஏக்கருக்குக் கட்டுப்படியாகும். ஆனால் மெஷின் விலையை விசாரிப்பதற்கு முன்னால், பிளேடுக்கு ஒழுங்காகச் சாணை பிடித்துத் தரும் பட்டறை உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஓரமாகக் கிடக்கிற மெஷின்களில் நான் பார்த்த வரைக்கும் இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. பிளேடு மொக்கையாகி, அதோடு விட்டுவிட்டார்கள்.

கணக்கு இதுதான். 25 அடிக்கு ஒரு மரம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 70 மரம். காய்க்கிற மரம் மாதம் ஒரு மட்டையாவது தள்ளும். வருடத்துக்கு ஏக்கருக்கு 840, உங்கள் தோப்புக்கு 4,200 மட்டை. பாளை, பன்னாடை, வேலியோரம் கழிக்கிற கிளிரிசிடியா (தழை உரத்துக்கு வளர்க்கும் மரம்) எல்லாம் தனி. கீற்று முடைய ஆளும் இல்லை, கீற்றுக் கொட்டகையும் அருகிவிட்டது. தீ வைப்பதைத்தான் பலரும் செய்கிறார்கள். ஓரிரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் சொந்தமாக வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுத்து அரைத்தால் போதும்.

டிராக்டர் இருந்தால் பி.டி.ஓ.வில், அதாவது டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், ஓடும் மெஷினைப் பாருங்கள். தனி இன்ஜின் பராமரிப்பு மிச்சம். இல்லையென்றால் பெட்ரோல் இன்ஜின் வைத்த சக்கர வண்டி மாடல். 'மூன்று அங்குலக் கிளை வரை அரைக்கும்' என்று விற்பவர் சொன்னால் அது பச்சைக் கிளைக்கான கணக்கு. காய்ந்த புளியங்கொம்பில் அதே அளவை எதிர்பார்க்காதீர்கள். மட்டையின் அகலமான அடிப்பகுதி பெரும்பாலான சிறிய மெஷின்களில் நுழையாது. அரிவாளால் தறித்து அடுப்புக்கு ஒதுக்கிவிட வேண்டியதுதான். வேளாண் பொறியியல் துறை மூலம் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், உச்சவரம்புக்கு உட்பட்டு. நீங்கள் பார்த்து வைத்த மாடல் மானியப் பட்டியலில் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்காமல் கடைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

இனி பிளேடு. வாங்கும்போதே இரண்டு செட் வாங்கிவிடுங்கள், ஒன்று சாணைக்குப் போகும்போது மற்றது ஓடும். பிளேடைத் தின்பது மரம் இல்லை, மண். மட்டையைத் தரையில் இழுத்து வந்து மண்ணோடு கொடுத்தால் ஒரே நாளில் முனை மழுங்கிவிடும். உதறிக் கொடுங்கள். செருகி நிற்கும் ஆணி, கம்பித் துண்டு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. மழுங்கியதைத் தூளே காட்டிக்கொடுக்கும்: துண்டு துண்டாக விழ வேண்டியது நார் நாராகப் பிய்ந்து வரும், ஓலை மெஷினின் சுழலும் தண்டைச் சுற்றிக்கொள்ளும், கிளை உள்ளே போகாமல் எகிறும், இன்ஜின் முனகும். அப்போதும் விடாமல் ஓட்டினால் அடுத்த செலவு பெல்ட்டும் பேரிங்கும்.

சாணையை ஹேண்ட் கிரைண்டரில் நீங்களே பிடிக்க வேண்டாம் என்பேன். சூடேறி முனை நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. தண்ணீர் ஓட ஓடத் தேய்க்கும் சர்ஃபேஸ் கிரைண்டர் உள்ள லேத் பட்டறையில் கொடுங்கள். பழைய கோணம் மாறக் கூடாது, எல்லாப் பிளேடும் ஒரே எடைக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒன்று மட்டும் இளைத்தால் சுழலும்போது மெஷினே ஆடும். திரும்ப மாட்டிய பிறகு அசையாத அடிப் பிளேடுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியைக் கையேட்டில் சொன்னபடி வையுங்கள். இடைவெளி கூடினால் நார் வெட்டுப்படாமல் மடங்கித்தான் போகும். போல்ட்டை முறுக்கி, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிய நிலையில் ரோட்டரை (பிளேடு மாட்டிய சுழலும் சக்கரம்) ஒரு சுற்று கட்டையால் தள்ளிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது.

மற்றதெல்லாம் எந்த இன்ஜினுக்கும் உள்ளதுதான். ஆயில் மாற்றுவது, பேரிங்குக்குக் கிரீஸ், பெல்ட் தொய்வு பார்ப்பது. ஏர் ஃபில்டரை மட்டும் வேலை நடக்கிற நாளெல்லாம் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். காய்ந்த மட்டையில் கிளம்பும் தூசி கொஞ்சநஞ்சமில்லை.

அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்தி, பிளக் தொப்பியைக் கழற்றி, ரோட்டர் முழுதும் நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் அந்தச் சக்கரம் நெடுநேரம் சுற்றும். கையாலோ காலாலோ தள்ளவே கூடாது, ஒரு குச்சியை வைத்துத் தள்ளுங்கள். தோளில் துண்டு, தொளதொள சட்டை, அவிழ்ந்த முந்தானையோடு யாரையும் அருகில் விடாதீர்கள். இதில் நான் எந்த ஆளிடமும் முகம் பார்ப்பதில்லை.

தூளை மரத்தைச் சுற்றிப் பாத்தியில் பரப்புங்கள், ஈரம் காயாது. தூரை ஒட்டிக் குவிக்க வேண்டாம். மேலாகப் பரப்பினால் தழைச்சத்துக் குறையாது. மண்ணுக்குள் கலந்தால்தான் மக்கும் வரை மண்ணின் தழைச்சத்தை இழுக்கும். குவித்தே வைக்க வேண்டுமென்றால் சாணம் கலந்து கிளறி விடுங்கள், புழு இருக்கிறதா என்று பாருங்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடத் தேடுவது இப்படி மக்குகிற குவியலைத்தான். அங்கே அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சணம் தூவலாம். காசர்கோடு தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் தென்னை ஓலையிலேயே மண்புழு உரம் செய்யும் முறையைத் தந்திருக்கிறது. தூளாக்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும்.

மழைக்காலத்தில் மெஷினைச் சும்மா வைக்கிறீர்கள் என்றால் டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள், பிளேடில் பழைய இன்ஜின் ஆயில் தடவுங்கள். உள்ளே ஓலைத்தூள் ஒட்டியிருந்தால் ஈரம் கோத்து ரோட்டர் துருப்பிடிக்கும். எலியும் கூடு கட்டும்.