பித்தளையைத் துலக்காதீர்கள்: விமானப்படை நினைவுப்பொருட்கள் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மறைந்த என் பெரியப்பா இரண்டாம் உலகப் போரில் இந்திய விமானப்படையின் விமானியாக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு தொப்பிச் சின்னம், துணியில் தைத்த இறக்கைச் சின்னம், நான்கு பதக்கங்கள், ஒரு பறப்புப் பதிவேடு, பட்டுத்துணியில் அச்சிட்ட ஒரு வரைபடம் ஆகியவை கிடைத்தன. சின்னத்தைத் துலக்கி, பதக்கங்களுக்குப் புதிய நாடா போட்டு, எல்லாவற்றையும் தனித்தனியாகச் சட்டமிட்டு உறவினர்களுக்குப் பகிர்ந்து கொடுக்க நினைக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பதில்: துலக்கவும் வேண்டாம், பகிரவும் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தத் தொப்பிச் சின்னம் போன்றவை ஆயிரக்கணக்கில் அடிக்கப்பட்டவை, பதக்கங்களும் அப்படித்தான். அவற்றை அரிய பொருளாக்குவது அவை இன்ன மனிதருடையவை என்று காட்டும் பறப்புப் பதிவேடு. பதிவேடு ஒரு வீட்டிலும் பதக்கங்கள் இன்னொரு வீட்டிலும் போய்விட்டால், ஒரு தலைமுறை கழிந்தபின் இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் இருக்காது. ஒருவரிடமே முழுப் பெட்டியையும் ஒப்படைத்துவிட்டு, மற்றவர்களுக்கு நல்ல நிழற்படங்களைக் கொடுங்கள்.

பதிவேட்டைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் தேதி, விமானத்தின் வகை, அதன் எண், விமானியின் பெயர், மேற்கொண்ட பணி, பகலிலும் இரவிலும் பறந்த நேரம் ஆகியவை ஒரே வரியில் இருக்கும். மாத இறுதியில் கூட்டுத்தொகை போட்டு, மேலதிகாரி கையெழுத்திட்டிருப்பார். ஒவ்வொரு படையணியும் தனக்கென ஒரு செயற்பாட்டுப் பதிவேட்டை எழுதிவந்தது. பிரிட்டனின் விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸ் படையணிகளின் இத்தகைய பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற தொகுப்பில் உள்ளன. தனிமனிதரின் பதிவேட்டிலுள்ள ஒரு தேதியும் விமான எண்ணும் படையணியின் பதிவேட்டோடு பொருந்திவிட்டால், அதைவிட வலுவான மூலச்சான்று வேறெதுவும் தேவையில்லை.

போலிப் பதிவேடுகளும் சந்தைக்கு வருகின்றன என்பதால் ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உண்மையான பதிவேட்டில் மையின் நிறம் மாதத்துக்கு மாதம் மாறும். கையெழுத்தும் சில நாள் நிதானமாகவும் சில நாள் அவசரமாகவும் இருக்கும். மூன்றாண்டுப் பதிவுகளும் ஒரே பேனாவால், ஒரே அமர்வில் எழுதியதுபோல் இருந்தால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். பால்பாயின்ட் எழுத்தைக் கண்டதும் போலி என்று தள்ளிவிடவும் கூடாது. உயரத்தில் மை கசியாது என்பதற்காகவே போரின் பிற்பகுதியில் அந்தப் பேனாக்கள் பிரிட்டிஷ் விமானக் குழுவினருக்கு வழங்கப்பட்டன. ஆனால் 1941-ஆம் ஆண்டுப் பதிவில் அந்த எழுத்து இருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

பதக்கங்களைப் பொறுத்தவரை, உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, நட்சத்திர வடிவில் உள்ளவற்றின் பின்புறத்தையும் வட்டமானவற்றின் விளிம்பையும் பாருங்கள். பிரிட்டிஷ் படையினருக்கு வழங்கிய போர்க்கால நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் பொறித்தார்கள். உங்கள் பெரியப்பாவின் பெயர் அங்கே இருக்கக்கூடும். மெருகுப் பசை போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த எழுத்துகள்தான். நாடாக்கள் நைந்திருந்தாலும் அவை மூல நாடாக்கள், அப்படியே விடுங்கள்.

சேகரிக்கத் தொடங்கிய நாட்களில் நானும் தங்க முலாம் பூசிய ஒரு சின்னத்தை ஆசையாகத் துலக்கினேன். பத்தே நிமிடத்தில் கழுகின் மார்பிலிருந்து முலாம் போய்ப் பித்தளை பல்லிளித்தது. இறகுகளின் இடுக்கில் புகுந்த பசை வெள்ளைப் பொடியாக இன்றும் அங்கேயே இருக்கிறது. உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வியர்வை உலோகத்தை அரிக்கும் என்பதால் கையுறை அணிந்து தொடுவது நல்லது.

அந்தப் பட்டு வரைபடம், எதிரி நிலத்தில் விழும் விமானிகள் தப்பி வருவதற்காகக் கொடுக்கப்பட்டதாக இருக்கலாம். காகிதம் நனைந்தால் கிழியும், மடிக்கும்போது சலசலக்கும். பட்டுக்கு அந்த இரண்டு தொல்லையும் இல்லை, உடுப்பின் உள்மடிப்பிலும் ஒளித்துவைக்கலாம். அதைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம். பழைய மடிப்பிலேயே மறுபடி மடித்தால் அந்தக் கோட்டில் பட்டு அறுந்துவிடும். அமிலமற்ற காகிதம் சுற்றிய குழாயில் தளர்வாகச் சுருட்டி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். மலிவான பி.வி.சி. உறைகளை வரைபடத்துக்கும் பதிவேட்டுக்கும் பயன்படுத்தாதீர்கள். காலப்போக்கில் அவை பிசுபிசுப்பையும் அமில ஆவியையும் வெளியிடுகின்றன.

கேள்வி: தொப்பிச் சின்னத்தின் மேலுள்ள கிரீடத்தை வைத்தே காலத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: பாதி உண்மை. அரசர் ஆறாம் ஜார்ஜ் காலம் வரையிலான ராயல் ஏர் ஃபோர்ஸ் சின்னங்களில் டியூடர் கிரீடம் இருக்கும். அதன் வளைவுகள் குவிமாடம்போல் மேல்நோக்கி உருண்டிருக்கும். 1952-இல் எலிசபெத் அரியணை ஏறியபின் வந்த எட்வர்டு கிரீடத்தில் வளைவுகள் நடுவில் குழிந்து இறங்கும். சேகரிப்பவர்கள் இவற்றை 'அரசர் கிரீடம்', 'அரசி கிரீடம்' என்றே குறிப்பிடுவார்கள்.

இந்த எளிய வேறுபாடு பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். 1932 அக்டோபர் 8-இல் தொடங்கிய இந்திய விமானப்படைக்கு 'ராயல்' என்ற அடைமொழி 1945-இல் கிடைத்தது. 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசானதும் அது நீங்கியது. ஆகவே 'ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்' சின்னத்தில் அரசி கிரீடம் இருந்தால் அது பின்னாளில் யாரோ செய்தது. அந்தப் பெயர் மறைந்தபோது எலிசபெத் அரியணை ஏறியிருக்கவில்லை. ஆனால் பாகிஸ்தான் விமானப்படை 1956 வரை 'ராயல்' என்ற அடைமொழியைத் தாங்கியிருந்ததால், அதன் சின்னத்தில் அரசி கிரீடத்தைப் பார்த்து அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

மீதிப் பாதி சிக்கலானது. மூன்றாம் சார்லஸ் டியூடர் கிரீடத்தையே தேர்ந்துகொண்டதால், இன்று புதிதாக அடிக்கப்படும் சின்னங்களும் தொலைவிலிருந்து பார்த்தால் போர்க்காலத்தவை போலத் தெரியும். எனவே கிரீடத்தோடு பின்புறத்தையும் பாருங்கள். அச்சில் அழுத்தி அடித்த சின்னத்தில் இறகுக் கோடுகள் கூர்மையாக இருக்கும். அசலை அச்சாக வைத்து உருக்கி வார்த்த போலியில் அதே கோடுகள் சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கி, பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் போலி சற்றுச் சிறியதாகவும் இருக்கும். உறுதியான அசல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அளந்தால் இது தெரிந்துவிடும்.

கேள்வி: ஏலத்தில் ஒரு தோல் ஜாக்கெட்டை, அமெரிக்க விமானிகள் இரண்டாம் உலகப் போரில் அணிந்த ஏ-2 என்று விற்கிறார்கள். வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: தோலைக் கடைசியாகப் பாருங்கள். விற்பவர் முதலில் காட்டுவது அதைத்தான். பழையதாகக் காட்டத் தேய்ப்பதற்கு எளிதானதும் அதுதான்.

ஏ-2 வகை 1931-இல் ஏற்கப்பட்டு, 1943 வரை தயாரிப்பாளர்களிடம் கொள்முதல் செய்யப்பட்டது. கழுத்துப்பட்டைக்குக் கீழே உட்புறத்தில் தைத்த துணிச்சீட்டில் வகைப்பெயர், ஒப்பந்த எண், தயாரிப்பாளர் பெயர் ஆகியவை இருக்கும். இந்த ஒப்பந்தங்கள் நன்றாக ஆராயப்பட்டவை என்பதால், எந்த நிறுவனத்தின் ஜாக்கெட்டில் எந்த வகை ஜிப், எந்த வகைப் பை மூடி வர வேண்டும் என்று ஒப்பிட முடியும். அந்தச் சீட்டு ஜாக்கெட்டோடு சேர்ந்தே முதுமை அடைந்திருக்க வேண்டும். தோல் வெடித்துக் கிடக்க, சீட்டு மட்டும் நேற்று நெய்ததுபோல் மின்னினால், அது வேறெங்கிருந்தோ வந்தது.

அடுத்து, காலத்துக்கு ஒவ்வாதவற்றைத் தேடுங்கள். பற்களுக்குப் பதில் நைலான் சுருள் கொண்ட ஜிப் போருக்குப் பிந்தியது. வெல்க்ரோ 1950-களில்தான் காப்புரிமை பெற்றது. சீட்டில் 13 இலக்கப் பொருள் எண் இருந்தால் அது 1970-களில் நேட்டோ நாடுகளில் வழக்கத்துக்கு வந்த முறை. முகவரியில் ஐந்து இலக்க அமெரிக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1963-க்குப் பிந்தியது. இவற்றில் ஒன்று போதும், விற்பவர் சொல்லும் தாத்தா கதை முழுவதும் சரிந்துவிடும்.

புற ஊதா விளக்கைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன். போருக்குப் பின் பரவிய வெண்மையூட்டும் சாயங்கள் அந்த விளக்கில் நீலமாக ஒளிர்வதால் புதிய நூல் பளிச்சென்று தெரியும். ஆயினும் பழைய துணியை இக்காலச் சலவைத்தூளில் ஒருமுறை துவைத்தாலும் அது அப்படியே ஒளிரும். மூல ஜாக்கெட்டில் பின்னல் மணிக்கட்டுகள் நைந்துபோய் மாற்றப்படுவதும் இயல்பே. எனவே ஒளிர்வது மட்டுமே போலி என்பதற்குச் சான்றாகாது. தயாரிப்பின்போதே போட்ட முதன்மைத் தையல் ஒளிர்கிறதா, பின்னால் பழுதுபார்த்த இடம் ஒளிர்கிறதா என்பதே கேள்வி.

வாங்கியபின் எண்ணெய் பூசாதீர்கள். பழைய தோலில் அது ஊறி நூலை இற்றுப்போகச் செய்யும். அகன்ற தோள் கொண்ட மாட்டியில் தொங்கவிட்டு, வெயில் படாமல் வைத்தால் போதும்.

கேள்வி: போர்விமானத்தின் உயரமானி ஒன்று கிடைத்தது. எண்கள் இருட்டில் ஒளிரவில்லை. திறந்து புதிய ஒளிரும் பூச்சு பூசலாமா?

பதில்: தயவுசெய்து திறக்காதீர்கள். அக்காலக் கருவிகளின் எண்களிலும் முட்களிலும் பெரும்பாலும் ரேடியம் கலந்த பூச்சு இருக்கும். கதிரியக்கம் துத்தநாக சல்ஃபைடைத் தூண்டுவதால் அது ஒளிர்ந்தது. சில பத்தாண்டுகளில் அந்த சல்ஃபைடு சிதைந்து ஒளி அணைந்துவிட்டது. ரேடியமோ அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஒளிரவில்லை என்பதால் பாதுகாப்பானது என்று எண்ணுவதுதான் இதில் உள்ள மிகப் பெரிய ஆபத்து.

கண்ணாடி உடையாமல் மூடியிருக்கும் ஒரு கருவியை அலமாரியில் வைத்திருப்பதால் பெரிய தீங்கு இல்லை. பூச்சு பொடியாக உதிர்ந்து மூச்சிலோ வாயிலோ போவதே அஞ்ச வேண்டியது. ஆகவே சுரண்டுதல், ஊதித் தூசி தட்டுதல் இரண்டும் கூடாது. கையாண்டபின் கைகளைக் கழுவுங்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். பல கருவிகளை ஒரே மூடிய அலமாரியில் குவித்தால், ரேடியத்திலிருந்து வெளிவரும் ரேடான் வாயு அங்கே தேங்கும்; காற்றோட்டம் வேண்டும். கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் உறையிலிட்டுக் கட்டி, உங்கள் நாட்டின் கதிரியக்கப் பாதுகாப்பு அமைப்பிடம் கேளுங்கள்.

கேள்வி: சிறியதாகவும் அரியதாகவும் உள்ள பொருட்களில் எதைத் தேடலாம்?

பதில்: என் விருப்பம் கேட்டர்பில்லர் (கம்பளிப்புழு) கிளப்பின் ஊசி, அதாவது உடுப்பில் குத்திக்கொள்ளும் சிறு சின்னம். பாரசூட் தயாரிப்பாளர் லெஸ்லி இர்வின் 1922-இல் தொடங்கிய இந்தக் கழகத்தில், விமானத்திலிருந்து பாரசூட்டில் குதித்து உயிர்பிழைத்தவர்களுக்கு மட்டுமே இடம். பாரசூட்டுக்குப் பட்டு தந்த புழுவை நினைவுகூர்ந்து, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு தங்கப் புழு. வயிற்றுப்புறத்தில் உறுப்பினரின் பெயர். அந்தப் பெயரைக் கொண்டு அவர் எந்த விமானத்திலிருந்து, எந்த இரவில் குதித்தார் என்பது வரை தேடிப் போகலாம். பெயரில்லாத ஊசியையும், அண்மையில் பெயர் பொறித்ததுபோல் வெட்டு பளபளக்கும் ஊசியையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் ஒரு மலைச்சரிவில் போர்க்கால விமானத்தின் சிதைவுகளைப் பார்த்தேன். ஒரு துண்டை எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. பிரிட்டனில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விழுந்து நொறுங்கிய இராணுவ விமானத்தின் எச்சங்களை உரிமம் இல்லாமல் தோண்டுவதும் அகற்றுவதும் குற்றம். மூழ்கிய தன் இராணுவ விமானங்களை அமெரிக்காவும் 2004 முதல் சட்டத்தால் காக்கிறது. மற்ற நாடுகளில் விதிகள் வேறுபட்டாலும், அங்கே வெடிக்காத குண்டுகளும், மீட்கப்படாத மனித எச்சங்களும் இருக்கக்கூடும். விமானத்தின் எண் தெரிந்தால் நிழற்படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அந்நாட்டு அதிகாரிகளிடம் தெரிவியுங்கள்.